துரை கையில் கொடுத்த ஆத்தா

எங்கள் தோட்டத்து ஆத்தாளைத் துரை பட்டப்பகலில், தோட்டமே பார்த்துக்கொண்டு நிற்க, தப்பு முழங்க, இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டு போனான். 'போனான்' என்று எழுதுவதைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அந்த மனுஷனைப் 'போனார்' என்று எழுத என் கைக்கு வராது. நானும் இத்தனை வருஷமாக முயன்று பார்த்துவிட்டேன்.

லுணுகலையிலிருந்து மேலே ஏறுகிற பாதையில்தான் எங்கள் தேயிலைத் தோட்டம். அப்பா மலையில் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். மாலையில் குளித்துவிட்டு வந்தால் மாரியம்மன் கோயில் பூசாரி. கோயிலுக்குள் மூலத்தில் இருந்தது வெறும் கல்தான். திருவிழாவில் தேர் ஏறுகிற ஆத்தா வெண்கலச் சிலை, ஒரு முழ உயரம் இருப்பாள். துறையூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பஞ்சம் வந்து எங்கள் ஆட்கள் கிளம்பியபோது, அப்பாவின் பாட்டனார் அவளைத் துணி மூட்டைக்குள் வைத்துத் தலையில் சுமந்து வந்தார். கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக நடந்தார்களாம். காய்ச்சலில் செத்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் ஆத்தாளை மட்டும் விடவில்லை. பால் ஊற்றி, மஞ்சள் தேய்த்து, அவள் மூக்கு மழுங்கிப் போயிருந்தது. பார்த்தால் சின்னப் பிள்ளை முகம் மாதிரி இருக்கும்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சித்திரைத் திருவிழாவில் தேர் முதலில் பங்களா வாசலுக்குத்தான் போகும். அங்கே அப்பா ஆத்தாளை இறக்கி, சிவப்புத் துண்டை விரித்து, அதன் மேல் வைத்துத் துரை கையில் கொடுப்பார். துரை கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டுத் திருப்பித் தருவான். அதற்குப் பிறகுதான் தேர் நாங்கள் குடியிருக்கிற லயங்களைச் சுற்றி வரும். 'குடுத்து வாங்குறது' என்று இதைச் சொல்வார்கள். துரை உத்தரவு இல்லாமல் அங்கே பிள்ளை பெற்றவள்கூட ஒரு நாள் கூடுதலாகப் படுத்துக் கிடக்க முடியாது. அப்படியிருக்க சாமி மட்டும் எப்படி உத்தரவு வாங்காமல் ஊர்வலம் போவாள் என்று யாரோ ஒரு புண்ணியவான் ஆரம்பித்து வைத்திருக்கிறான். இது என்ன கூத்து, சாமி போய் அவன் கையில் நிற்பதா என்று நான் சின்ன வயதிலேயே கேட்டு அம்மாவிடம் வாயில் அடி வாங்கியிருக்கிறேன். அடி வாங்கியும் எனக்கு வாய் அடங்கவில்லை, அது வேறு கதை.

இந்த நாடு சுதந்திரம் வாங்கியதற்கு மறு வருஷம் அது. தோட்டத்தைக் கொழும்புக் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது, துரை மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குப் போகிறான் என்று காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் பேச்சு. அந்தத் திருவிழாவுக்குப் பக்கத்துத் தோட்டத்துத் துரை கேமராவோடு வந்து நின்றான். அப்பா வழக்கம்போலக் குனிந்து கொடுத்தார். எங்கள் துரை வாங்கினான். கேமராக்காரன் படம் எடுத்தான். துரை அப்படியே திரும்பி, ஆத்தாளோடு பங்களாவுக்குள் போய்விட்டான்.

துரைசாணிக்கு உடம்பு சரியில்லாத நேரம் அது. அவளிடம் காட்டிவிட்டு வரப் போயிருக்கிறான் என்று நாங்கள் நினைத்தோம். எங்களுக்குத்தான் யாரைப் பற்றியும் நல்லதாகவே நினைக்கத் தெரியுமே. தப்பு அடிக்கிறவர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். கரகம் எடுத்த பெண்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் கணக்கப்பிள்ளை வெளியே வந்து, துரைக்கு ரொம்பச் சந்தோஷம், தோட்டத்து ஜனங்கள் கொடுத்த பிரியாவிடைப் பரிசை ஊருக்கு எடுத்துக்கொண்டு போகப் போகிறார், எல்லாரும் கலைந்து போகலாம் என்று சொன்னார்.

அப்பா படியேறப் போனார். எங்கள் பெரிய கங்காணி அவர் தோளைப் பிடித்து இழுத்தார்.

"பூசாரி, வாயை மூடிக்கிட்டு வா. காலையில பெரட்டுல பேரை வெட்டிட்டான்னா எல்லாரும் நடுரோட்டுலதான் நிக்கணும்."

அப்பா வாயை மூடிக்கொண்டார். தேரில் ஆத்தா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செம்பை வைத்து, வேப்பிலை சொருகி, இழுத்துக்கொண்டு வந்தோம். தெரியாமல் செய்துவிட்டான், வெள்ளைக்காரனுக்கு நம் வழக்கம் எங்கே புரியும் என்று சொல்கிற நல்ல மனசுக்காரர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். வருஷா வருஷம் வாங்கித் திருப்பித் தந்தவனுக்குக் கப்பல் ஏறப் போகிற வருஷம் மட்டும் வழக்கம் மறந்து போயிற்றாக்கும். இப்படிச் சொல்கிறவர்களின் வீட்டுக்கு வந்து ஒரு நல்ல சாமானாகப் பார்த்து நானும் தெரியாமல் எடுத்துக்கொண்டு போகிறேன், அப்போது என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கலாம்.

ஆனால் துரை மேல் இருந்த கோபத்தைவிடப் பெரிய கோபம் அன்று சாயங்காலமே வந்தது. கோயில் வாசலில் எல்லாரும் கூடி நின்றார்கள். பங்களா வாசலில் அப்பாவின் வாயை அடைத்த அதே கங்காணி, இங்கே ஜனங்களுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அப்பாவைப் பார்த்துக் கேட்டார்:

"எவ்வளவுக்குய்யா வித்த?"

அப்பாவுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. சிரிக்கப் போனார். யாரும் சிரிக்காததைப் பார்த்தபிறகு அவர் முகம் மாறியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். துரையிடம் கேட்க யாருக்கும் திராணி இல்லை. யாராவது ஒருவன் மேல் பழியைப் போட்டுவிட்டால் மற்ற எல்லாரும் நிம்மதியாகச் சோறு தின்னலாம். கொடுத்த கை அப்பாவுடைய கை. அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும் அவர்களுக்கு?

இதற்குமேல் ஒன்று நடந்தது. துரை புறப்படுமுன் தன் பழைய உடுப்புகளைப் பங்களா வேலைக்காரர்களுக்கும் இன்னும் சிலருக்கும் பங்கு போட்டான். அப்பாவுக்கு ஒரு கோட்டு. நாங்கள் மலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பங்களா சமையல்காரர் அதைக் கொண்டுவந்து எங்கள் லயத்துக் கதவில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்புகிற அத்தனை பேர் கண்ணிலும் அது பட்டது. அம்மா அந்தக் கோட்டை இழுத்துக்கொண்டு போய் மாட்டுப் பட்டியில் போட்டு மிதிக்க விட்டாள். மிதித்து என்ன பிரயோசனம், ஒரு கோட்டுக்கு ஆத்தாளை விற்ற பூசாரி என்று பேராகிவிட்டது. கோயில் சாவியை வாங்கிக் கங்காணி தன் மச்சானிடம் கொடுத்தார். அப்புத்தளையிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் பாதியில் நின்றுகொண்டார்கள். சரிதான் போங்க என்று நான் விட்டுவிட்டேன். அப்பாவால் அப்படி விட முடியவில்லை. கோயில் திரும்ப வேண்டுமென்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஆத்தா வர வேண்டும், நான் விற்கவில்லை என்று இந்த ஜனம் ஒத்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகு என் கட்டை வேகட்டும் என்பார். வேறு எந்த ஆசையும் அந்த மனுஷனுக்கு இல்லாமல் போய்விட்டது.

நான் அதற்குள் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலையில் சேர்ந்திருந்தேன். பதுளையில் ஒரு வக்கீல் இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்து ஆட்கள் என்றால் முகம் சுளிக்காதவர் என்று கேள்விப்பட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் துரைக்கு எழுதினார். மறுமொழி வருவதற்குள் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. தோட்டத்து ஜனங்கள் மனமுவந்து எனக்குக் கொடுத்தது, அதை எங்கள் ஊர்க் காட்சிசாலைக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டேன் என்று துரை எழுதியிருந்தான். கூடவே அந்தப் படத்தின் பிரதி ஒன்று. படத்தில் அப்பா குனிந்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு ஆத்தாளை நீட்டுகிறார். அடுத்த நொடியில் கை நீட்டி வாங்கத் தயாராக நின்ற மனுஷனின் சிரிப்பு அது. அப்பா திருப்பி வாங்குகிற படத்தை யார் எடுத்தார்கள்? வாங்கினால்தானே எடுப்பதற்கு.

வக்கீல் விடாமல் காட்சிசாலைக்கும் எழுதினார். அவர்கள் மறுமொழியில் எங்களைத் திருடர்கள் என்று சொல்லாததுதான் பாக்கி. நல்ல எண்ணத்தோடு பெற்ற பொருள், படம் சாட்சி இருக்கிறது, இதைப் பற்றித் தனி ஆட்களோடு பேசுவதில்லை, அந்த நாட்டு அரசாங்கம் கேட்டால் யோசிக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். வக்கீல் மேசையில் தடிமனான சட்டப் புத்தகம் ஒன்று விரித்துக் கிடந்தது. பிற நாட்டில் இருக்கிற சொத்தைத் திருப்பிக் கேட்பதற்கு என்ன வழி என்று எங்களுக்காகப் பார்த்து வைத்திருந்தார்.

"உலகச் சட்டத்தில நாட்டோட நாடுதான் கதைக்கலாம், பிள்ளை. நாடு இல்லாத ஆள் கேட்டால் ஒருத்தரும் மறுமொழி சொல்லமாட்டினம். உங்களுக்காக எந்த நாடு கேக்கும்? அதைச் சொல்லுங்கோ."

எனக்கு வந்த ஆத்திரத்தில், திருடினவர்கள் கூடி உட்கார்ந்து எழுதின சட்டத்திலா திருட்டுக்கு வழி தேடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. அந்தப் புத்தகத்தை விட்டால் வேறு புத்தகம் இல்லை என்று மட்டும் சொன்னார்.

அவர் கேட்ட கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லாததற்குக் காரணம் ஊருக்கே தெரியும். சுதந்திரம் வந்த சூட்டோடு சட்டம் போட்டு, தோட்டத்து ஜனம் இந்த நாட்டுப் பிரஜை இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். வேண்டுமென்றால் விண்ணப்பம் போட்டு நிரூபி என்றார்கள். அப்பா போட்டார். விசாரணைக்குப் பதுளையில் அரசாங்கக் கச்சேரிக்குக் கூப்பிட்டார்கள். இங்கேயே தொடர்ந்து குடியிருந்ததற்கு என்ன அத்தாட்சி என்று விசாரித்தவர் கேட்க, நான் வெட்டின தேயிலைச் செடியைப் போய்ப் பாருங்க என்று அப்பா வெகுளியாகச் சொல்லியிருக்கிறார். செடி சாட்சி சொல்லுமா? நிராகரித்துவிட்டார்கள். ஆத்தாளுக்காகக் கொழும்பில் ஓர் இலாகாவுக்கு மனுப் போட்டால், மனுதாரர் பிரஜையா என்று முதல் கேள்வி. இந்தியப் பக்கம் கேட்டால், சிலை எங்கள் நாட்டை விட்டுப் போய் எத்தனையோ காலமாகிறது, கொண்டுபோனதும் நீங்களே, நீங்கள் எங்கள் பிரஜைகளாகப் பதிந்தவர்களும் இல்லையே என்று மரியாதையாகக் கையை விரித்துவிட்டார்கள். மரியாதையாகச் சொன்னால் மட்டும் வயிறு எரியாதா? அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. தேயிலைக்கு மட்டும் நாங்கள் இந்த நாட்டு ஆட்கள்.

நாலைந்து வருஷம் சும்மா போயிற்று. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். சாகும்போதும் மாட்டுப் பட்டியில் போட்ட கோட்டைப் பற்றித்தான் புலம்பினாள். வருஷா வருஷம் திருவிழா நடந்தது, தேரில் செம்பு போயிற்று. அப்பா லயத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார். வெளியே போகிற தேருக்குப் பின்னால் எவனாவது அவர் காதில் விழட்டும் என்றே கோட்டுப் பூசாரி என்று கத்திவிட்டுப் போவான். அவன்களில் இரண்டு பேர் என்னிடம் படித்தவன்கள். மறுநாள் பிடித்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அதனால் என்ன, வருஷம் திரும்பினால் வேறு ஒருவன் கத்துவான்.

பிறகு ஒருநாள் வக்கீலே ஆள் அனுப்பினார். காலம் மாறிவிட்டது, அந்நியர் அள்ளிக்கொண்டு போன தேசத்துப் பொக்கிஷங்களையெல்லாம் திருப்பிக் கேட்க வேண்டும் என்று புதிய அரசாங்கத்தில் ஓர் இலாகா மும்முரமாக இருக்கிறது, நாமும் இதில் ஏறிக்கொள்ளலாம் என்றார். ஆனால் தோட்டத்துக் கோயில் சிலை என்று எழுதினால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஊவா மாகாணத்தின் பழம் பொக்கிஷம், இந்த நாட்டின் சொத்து என்றுதான் எழுத வேண்டும். அதற்கு ஒரு நிபந்தனை. கடைசியாகப் பொறுப்பில் வைத்திருந்த பூசாரி, எனக்கோ தோட்டத்தாருக்கோ இதில் எந்த உரிமையும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை என்று எழுதிக் கைநாட்டு வைக்க வேண்டும். பிற்பாடு எல்லாரும் கூடிக் கேட்டால் கோயிலில் வைக்கத் தருவார்கள் என்று நினைப்பதாகவும், அதற்கு உத்தரவாதம் சொல்ல முடியாது என்றும் வக்கீல் நேர்மையாகவே சொன்னார்.

வைக்காதீங்க என்று நான் அங்கேயே சத்தம் போட்டேன். இல்லாத உரிமையை எழுதிக் கொடுக்கச் சொல்லி ஏன் கேட்கிறார்கள், இருப்பதனால்தானே கேட்கிறார்கள் என்றேன். அப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வருஷக்கணக்கில் நான் பார்க்காத ஒரு தெளிவு அவர் முகத்தில் இருந்தது.

"நீ ஏம்மா கெடந்து குதிக்கிற? துரை கையில குடுத்து வாங்குறதில்லையா, அது மாதிரிதான் இது. கவர்மெண்டு கையில குடுத்து வாங்குவோம்."

"துரை திருப்பிக் குடுத்தானாப்பா?"

"அவன் வெள்ளக்காரன். இது நம்ம நாடு."

நம்ம நாடு என்றார். விண்ணப்பத்தை நிராகரித்த கடுதாசி அவர் மடியில் இருக்கும்போதுதான் சொன்னார். நான் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய் நின்றேன். அவர் கைநாட்டு வைத்தார். பஸ்ஸில் வரும்போது விரலில் ஒட்டியிருந்த மையைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே வந்தார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அது பலித்துவிட்டது. அரசாங்கம் கேட்டது. நாங்கள் கேட்டால் வாயைத் திறக்காத அந்தக் காட்சிசாலை, அரசாங்கம் கேட்டதும் பெட்டியில் போட்டுக் கப்பல் ஏற்றி அனுப்பிவிட்டது. அறுபதுகளின் தொடக்கம் அது. கொழும்பில் ஒரு மண்டபத்தில் பொக்கிஷங்களைப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள், உங்கட ஆத்தாளும் அதிலே இருக்கிறா என்று வக்கீல் சொல்லி அனுப்பினார்.

செய்தி கேட்டதும் பெரிய கங்காணி எங்கள் லயத்து வாசலில் வந்து நின்றார். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. மன்னிப்புக் கின்னிப்பு ஒன்றும் இல்லை. மேளதாளத்தோடு கூட்டிக்கொண்டு வருவோம், செலவு என் பொறுப்பு என்று பெரிய மனுஷன் மாதிரி பேசினார். நீ ஏன் வருகிறாய் என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. அப்பா கண்ணாலேயே என்னை அடக்கினார். கங்காணி வர வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. கண்ணால் பார்த்தால்தானே ஒத்துக்கொள்ளுவான் என்று பிறகு என்னிடம் சொன்னார். ஆக, அப்பா, நான், கங்காணி, லயத்து ஆட்கள் சிலர் எல்லாருமாகப் பதுளையில் ரயில் ஏறினோம். ஆத்தாளை வைத்துக் கொண்டுவர ஒரு தேயிலைப் பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி எடுத்துக்கொண்டோம். புதுப் பாவாடை, மஞ்சள், வேப்பிலை. பண்டாரவளை ஸ்டேஷனில் ரயில் நின்றபோது கங்காணி இறங்கிப் போய் அப்பாவுக்கு டீ வாங்கி வந்து கொடுத்தார். அப்பா வாங்கிக் குடித்தார். நான் வேண்டாம் என்றுவிட்டேன்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். வெள்ளைச் சீருடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆத்தா கண்ணாடிக்குள் இருந்தாள். உடம்பில் ஒரு முழத் துணி இல்லை, நெற்றியில் பொட்டு இல்லை. மூளியாக நிறுத்தி வைத்திருந்தார்கள். அப்பா கண்ணாடிக்கு முன்னால் கீழே விழுந்து கும்பிட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த அட்டையில் சிங்களத்திலும் இங்கிலீசிலும் எழுதியிருந்தது. பழங்கால வெண்கலச் சிலை, ஊவா மாகாணம், அந்நிய நாட்டிலிருந்து மீட்கப்பட்டது. தோட்டம் இல்லை, கோயில் இல்லை, தமிழில் ஓர் எழுத்து இல்லை. காட்டு வழியாகச் சுமந்த தலை எங்கே போயிற்று?

பொறுப்பில் இருந்த அதிகாரி இளைஞர், மரியாதை தெரிந்தவர். எங்கள் எல்லாருக்கும் உட்காரப் பெஞ்சு போடச் சொன்னார். லுணுகலைக் கடைத்தெருவில் பழகிய சிங்களத்தில் நான்தான் பேசினேன். மாத்தயா, எங்கள் சாமியைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறோம் என்றேன். அவர் திகைத்துப் போனார். பிறகு உள்ளே போய்க் கடுதாசிக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து புரட்டினார். இது நாட்டு மக்களின் சொத்து, யாருக்கும் தர முடியாது என்றார். நாங்கள்தானே அந்த மக்கள் என்றேன். நீங்கள் பிரஜைகளா என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். திருவிழாவுக்கு ஒரே ஒரு நாளாவது தாருங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். அதற்கும் பிரஜைகள் யாராவது பொறுப்பேற்று எழுத வேண்டும், அப்படி எழுதினாலும் கிடைப்பது கஷ்டம் என்றார்.

அப்பாவின் கைநாட்டு இருந்த பக்கத்தைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். கங்காணி எட்டிப் பார்த்துவிட்டு, தன் பழைய குரலில், என்ன இருந்தாலும் துரைக்கு வித்தது இவன்தானே என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார். அது என்ன என்று அதிகாரி கேட்டார். நான் சொன்னேன். இந்த மனுஷன் ஒரு கோட்டுக்குச் சிலையை விற்றுவிட்டான் என்று தோட்டமே பழி சொல்லுகிறது, அதைத் துடைக்கத்தான் இத்தனை வருஷமாக அலைகிறார் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்த இளைஞருக்கு உண்மையிலேயே மனம் இளகியது. எழுந்து வந்து அப்பாவின் தோளில் கை வைத்தார். எல்லாருக்கும் கேட்கும்படி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இவர் விற்கவில்லை. விற்கவும் முடியாது. ஏனென்றால் இந்தச் சிலை ஒருநாளும் இவருடையதாகவோ உங்களுடையதாகவோ இருந்ததில்லை. அரசாங்கமே அப்படி எழுதி வைத்திருக்கிறது. இனிமேல் இவர் மேல் யாரும் குற்றம் சொல்லக் கூடாது.

அதைத் தமிழில் சொன்னேன். அப்பா காலமெல்லாம் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை, அதுவும் அரசாங்கத்து வாயால், கங்காணியின் முகத்துக்கு நேராக. லயத்து ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கங்காணி ஒரு மாதிரி செருமிக்கொண்டு எழுந்தார்.

"சரி பூசாரி. விக்கலைன்னு ஆயிப்போச்சு. ஒத்துக்கிறேன். வா, ரயிலுக்கு நேரமாகுது."

அப்பா எழுந்திருக்கவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் குரல் உயர்த்தாத மனுஷன் அவர். அன்று அந்த மண்டபம் முழுக்கக் கேட்டது.

"இல்ல. நான் வித்தேன். ஒரு கோட்டுக்கு வித்தேன். அப்பிடியே எழுதிக்கச் சொல்லும்மா. என்னோடதா இருந்ததாலதான் வித்தேன்னு எழுதச் சொல்லு."

நான் அதிகாரி பக்கம் திரும்பி, அப்பா சொன்னதை ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். அவர் கையில் இருந்த கடுதாசிக் கட்டை மூடிவிட்டு, அப்படி எழுத முடியாது என்றார். எழுதுங்க என்று அப்பா மறுபடியும் சொன்னார். அதை நான் சிங்களத்தில் சொல்லத் தேவை இருக்கவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் அவர் பேனாவை எடுக்கவில்லை.